இலையைப் பார்த்துச் சமையலைச் சொல்வது

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்புறம் ஒரு சந்து. அதன் முனையில் நாலு தூண், மேலே தகரக் கூரை. அதுதான் ஒர்க்ஷாப். தலைமை மெக்கானிக்கைக் கேரளத்தில் ஆசான் என்பார்கள். அந்த ஆசான் பலகை மேல் இரண்டு சாட்சிகளை எடுத்து வைத்திருந்தார். முதலாவது, கைபேசி அளவு ஸ்கேனர். அதன் திரையில் ‘பி 0171’ என்று ஒரு குறியீடு. கலவை மெலிந்துவிட்டது, அதாவது பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அதற்குப் பொருள். இரண்டாவது, அப்போதுதான் எஞ்சினிலிருந்து கழற்றிய நான்கு ஸ்பார்க் பிளக். நான்கின் நுனியிலும் அடுப்புப் பாத்திரத்தின் அடியைப் போல உலர்ந்த கரி. தொட்டால் விரலில் மை. பிளக்கில் இப்படிக் கரி படிந்தால் பெட்ரோல் அதிகம் என்று மெக்கானிக் தொழிலின் முதல் நாளிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

“இது பட்டினின்னு சொல்லுது, அது அஜீரணம்னு சொல்லுது. ரெண்டுக்கும் ஒரே வயிறு” என்றார் ஆசான்.

வண்டி என் அத்தானுடையது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் டோபி கானா இருக்கிறது. தலைமுறைகளாகத் தமிழ் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுக்கும் இடம். அங்கே வெளுத்துத் தேய்த்த ஹோட்டல் விரிப்புகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க சந்து சந்தாகச் சுற்றும் பெட்ரோல் பிக்கப் அது. 2018 மாடல். அத்தான் கைக்கு வந்தது செகண்ட்ஹேண்டாக. ஆறு மாதமாகச் செக் இன்ஜின் விளக்கு அணையவில்லை. பிக்கப் வண்டிக்குப் பிக்கப் இல்லை என்று அவரே சிரிப்பார். வேறொரு கடையில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டதென்று சொல்லி மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குப் புதிது மாட்டியிருக்கிறார்கள். விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்தது, மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது.

இன்னொரு விஷயமும் அத்தான் சொன்னார். கோயம்புத்தூர் போய் வந்தால் மைலேஜ் குறைவதில்லையாம். மட்டாஞ்சேரிச் சந்துகளில்தான் வண்டி பெட்ரோலைக் குடிக்கிறதாம். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வழக்கில் உருப்படியான துப்பு அதுதான்.

எந்தச் சாட்சி பொய் சொல்கிறது? இரண்டுமே பொய் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ள, அந்தச் சென்சார் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

அத்தான் வீட்டில் இப்போதும் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டி உண்டு. மூடியைத் திறந்து விசிறினால் கரி தகதகக்கும். காற்றை அடைத்தால் மங்கும், கண் எரியும். எரிவது என்பது ஆக்சிஜனோடு சேர்வது. பெட்ரோலுக்கும் அப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த அளவில் கலந்தால் எரிந்து முடிந்தபின் பெட்ரோலும் மிஞ்சாது, ஆக்சிஜனும் மிஞ்சாது. பாடநூலில் இதற்கு ‘வேதிவினைக்கூறு விகிதம்’ என்று பெயர். எனக்கு ‘மிச்சமில்லா விகிதம்’ என்பதே பிடித்திருக்கிறது. இதை ஒன்று என்று வைத்துக்கொண்டு, காற்று கூடினால் ஒன்றுக்கு மேல், குறைந்தால் ஒன்றுக்குக் கீழ் என்று கணக்கிடும் எண்ணுக்கு லாம்டா என்று பெயர். காற்று கூடிய கலவை மெலிந்தது, மெக்கானிக் மொழியில் லீன். பெட்ரோல் கூடியது செறிந்தது, அதாவது ரிச்.

இனி ஒரு கல்யாணப் பந்தி. சாப்பிட வந்தவர்கள்தான் பெட்ரோல், சோறு ஆக்சிஜன். மண்டபத்துக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க முடியாமல், பின்வாசலில் வந்து விழும் இலைகளை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இலையில் சோறு மிஞ்சியிருந்தால், ‘ஆள் குறைவு, இன்னும் நாலு பேரை உட்கார வை’ என்று உள்ளே குரல் கொடுப்பார். இலை துடைத்துவிட்டது போலிருந்தால், ‘ஆள் அதிகம், குறை’ என்பார். ஆக்சிஜன் சென்சார் அந்தப் பின்வாசல்காரர். புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு மிஞ்சிய ஆக்சிஜனை மட்டும் பார்க்கிறது. பெட்ரோலை அது கண்ணால் கண்டதே இல்லை. ‘பெட்ரோல் குறைவு’ என்பது கணினி தானாகச் செய்துகொண்ட முடிவு. சென்சார் சொன்னது ‘இங்கே ஆக்சிஜன் இருக்கிறது’ என்ற ஒரே வாக்கியம்தான்.

சென்சாரின் உள்ளே இருப்பது தையல்காரர் விரலில் மாட்டும் தொப்பி மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் பீங்கான் குப்பி. சிர்கோனியம் ஆக்சைடு, சுருக்கமாகச் சிர்கோனியா. குப்பியின் வெளிப்புறம் புகை, உட்புறம் சாதாரணக் காற்று. இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியில் படித்தோம். இது கடத்தும், ஆனால் எலக்ட்ரான்களை வைத்து அல்ல. ஆக்சிஜன் அணுக்களே மின்சுமையோடு பீங்கானுக்குள் நடந்து போகின்றன.

திடப்பொருளுக்குள் அணு எப்படி நடக்கும்? சினிமாக் கொட்டகையில் எல்லா இருக்கையும் நிரம்பியிருந்தால் யாரும் நகர முடியாது. ஒரே ஒரு இருக்கை காலியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் அதற்கு மாறுவார், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர், அதற்கு இன்னொருவர் என்று வரிசை முழுக்க நகரும். சிர்கோனியாவில் அந்தக் காலி இருக்கையை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். இரண்டு சிர்கோனியம் அணுக்கள் தங்களோடு நான்கு ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும். அவற்றுக்குப் பதிலாக இரண்டு இட்ரியம் அணுக்களைப் புகுத்தினால் அவை மூன்றைத்தான் வைத்துக்கொள்ளும். ஓர் இடம் காலி. கொஞ்சம் இட்ரியம் கலந்தால் பீங்கான் முழுக்க இப்படிக் காலியிடங்கள்.

ஆனாலும் குளிரில் யாரும் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் இந்த நடமாட்டம் பயன்படும் அளவுக்கு வரும். வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1890களின் பிற்பகுதியிலேயே இதை வைத்து விளக்கு செய்திருந்தார். சிர்கோனியாவும் இட்ரியாவும் கலந்த ஒரு குச்சி, மின்சாரம் பாய்ந்தால் வெள்ளையாக ஒளிரும். தொல்லை என்னவென்றால், குச்சி முதலில் சூடானால்தான் மின்சாரமே பாயும். அதனால் விளக்கை ஏற்ற வேறொரு நெருப்போ சூடாக்கும் கம்பியோ வேண்டியிருந்தது. கம்பியிழை பல்புகள் மேம்பட்டதும் அந்த விளக்கு மறைந்துபோனது. நெர்ன்ஸ்டுக்கு 1920ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வேறு வேலைக்காகக் கிடைத்தது. இன்றைக்கும் காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஆக்சிஜன் சென்சாருக்குள் ஒரு சின்ன ஹீட்டர் முதலில் அதைச் சூடாக்குகிறது. சென்சாரில் நாலு ஒயர் இருந்தால் அதில் இரண்டு இந்த ஹீட்டருக்குத்தான்.

இந்தச் சிர்கோனியம் எங்கிருந்து வருகிறது என்று அத்தானிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. சிர்கான் என்ற கனிமத்திலிருந்து. அது கொச்சிக்குத் தெற்கே கொல்லம் மாவட்டத்துச் சவறாக் கடற்கரை மணலில் இருக்கிறது, நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் இருக்கிறது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். காஸ் விளக்கின் மேன்டிலுக்கு வேண்டிய தோரியத்துக்காக அன்றைக்கு மோனசைட்டுக்கு அடிபிடி. அதே மோனசைட்டில் தோரியத்தைவிட அதிகமாக இருப்பது சீரியம். அது இந்தக் கதையில் சற்று நேரத்தில் வரும். அத்தான் வண்டியின் சென்சாரில் இருப்பது நம் மணல்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு மணலில் காலை வைத்து நின்றவர்கள் நம்மில் பலர்.

மறுபடி குப்பிக்கு வருவோம். உள்ளே காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. வெளியே புகையில் குறைவு. கூட்டமான இடத்திலிருந்து காலியான இடத்துக்குத்தானே எதுவும் போகப் பார்க்கும்? ஆக்சிஜனும் பீங்கான் வழியே வெளியே போகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் மின்னழுத்தமாகத் தெரிகிறது. சென்சார் நன்றாகச் சூடான நிலையில், இருபக்க ஆக்சிஜனுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருந்தால் ஏறக்குறைய 0.05 வோல்ட். நூறு மடங்கென்றால் 0.1. கலவை மெலிந்து, புகையில் ஆக்சிஜன் ஒன்றிரண்டு விழுக்காடு மிஞ்சினால் வித்தியாசம் பத்து இருபது மடங்குதான், எனவே மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். கலவை செறிந்திருந்தாலோ சென்சார் 0.8, 0.9 என்று காட்டும். 0.9க்குப் பதினெட்டு முறை பத்தால் பெருக்க வேண்டும். ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டுச் சுழியம்! அவ்வளவு சுத்தமாக ஆக்சிஜன் எங்கே போயிற்று? வெளிப்பூச்சாக இருக்கும் பிளாட்டினம், எரியாமல் மிஞ்சிய கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் பிடித்து, அங்கே தப்பி வந்த ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துவிடுகிறது. பசியோடு எழுந்தவர்கள் பின்வாசலில் நின்று இலையில் ஒட்டிய பருக்கையையும் வழித்துத் தின்றுவிட்ட மாதிரி.

அதனால்தான் இந்தச் சென்சாரின் பேச்சு சீரான சரிவாக இல்லாமல் மலைவிளிம்பு மாதிரி இருக்கிறது. மிச்சமில்லா விகிதத்துக்கு ஒரு பக்கம் 0.1, மறுபக்கம் 0.9, நடுவே 0.45இல் ஒரே செங்குத்து. எவ்வளவு மெலிந்தது என்று அதற்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் தெரியும். எஞ்சின் கணினி அதை வைத்துக்கொண்டு கழைக்கூத்தாடி போல நடக்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம், வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம். பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், சென்சார் ‘இல்லை’ என்றதும் குறைக்கும், ‘இருக்கிறது’ என்றதும் மறுபடி கூட்டும்.

இவ்வளவு கவனம் மைலேஜுக்காக அல்ல, அடுத்து வரும் வினையூக்கி மாற்றிக்காக. மெக்கானிக்குகள் கேட் கன்வெர்ட்டர் என்பது அதைத்தான். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டு வடிவப் பீங்கான். அது ஒரே நேரத்தில் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரிக்க வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கவும் வேண்டும். கலவை மிச்சமில்லா விகிதத்தை ஒட்டியிருந்தால்தான் இரண்டும் நடக்கும். கூத்தாடியின் ஆட்டத்தைச் சமாளிக்க அதற்குள் சீரியம் ஆக்சைடு இருக்கிறது, மோனசைட்டுக்காரர் அவரே. தெருக்குழாயில் தண்ணீர் வந்தும் நின்றும் போனாலும் மொட்டை மாடித் தொட்டி இருந்தால் வீட்டுக் குழாயில் ஒரே சீராக வருமல்லவா? சீரியம் ஆக்சைடு அந்தத் தொட்டி. ஆக்சிஜன் மிகும்போது பிடித்து வைத்துக்கொண்டு குறையும்போது விடும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார் வைத்திருப்பது தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான். பின்சென்சாரும் முன்சென்சார் போலவே துள்ள ஆரம்பித்தால் தொட்டி ஓட்டை, அதாவது கன்வெர்ட்டர் தேய்ந்துவிட்டது.

1976இல் பாஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சாரோடு வோல்வோ கார்கள் அமெரிக்காவுக்குப் போயின, முகப்பில் ‘லாம்டா சோன்ட்’ என்று பெருமையாகப் பட்டயம் மாட்டிக்கொண்டு. இந்தியாவுக்கு இது தாமதமாகவே வந்தது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தவரை வர வழியுமில்லை. ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில். குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005இல் வந்தபோது டீசல் வண்டி, அதன் புகைக்குழாயில் இந்தச் சென்சாரைத் தேடினால் கிடைக்காது. டீசல் எஞ்சின் எப்போதும் வேண்டியதைவிட அதிகக் காற்றோடுதான் ஓடும், அங்கே பந்தியில் சோறு எப்போதும் மிச்சம். பழைய பிக்கப் எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன் சென்சார் என்று கைகாட்டும் அவசர மெக்கானிக்குகள் இதை நினைவில் வைப்பது நல்லது.

ஆசான் அவசரக்காரர் இல்லை. முதலில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். எஞ்சினை ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் குழாயருகே எரியாத அடுப்பு வாயுவைத் துளி காட்டினார். எரிபொருள் கூடிவிட்டது. சென்சார் உண்மையானதென்றால் ‘ஆக்சிஜன் இல்லை’ என்று சொல்ல வேண்டும். ஸ்கேனரில் எண் சட்டென்று 0.8க்கு ஏறியது. பிறகு இன்டேக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாயை நொடிப்பொழுது கழற்றிக் காற்றைக் கள்ளத்தனமாக உள்ளே விட்டார். எண் 0.1க்கு விழுந்தது. பதில் தெரிந்த இரண்டு கேள்வி, இரண்டுக்கும் சரியான பதில். சாட்சிக்குப் பார்வைக் கோளாறு இல்லை.

சென்சாருக்கு வேறு வியாதிகள் வருவதுண்டு. குப்பியின் உட்புறத்துக்கு வெளிக்காற்று வேண்டுமே, பல சென்சார்களில் அது ஒயரின் உறைக்குள் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் போகிறது. சென்சார் ஒயரில் மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். அறுந்த ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தாலோ கனெக்டரில் கிரீஸ் அப்பினாலோ மூச்சு அடைத்துவிடும். கேஸ்கட்டுக்கு அப்பும் சாதாரண சிலிக்கோன் பேஸ்டின் ஆவியும் கெடுதல், பிளாட்டினத்தின் மேல் மணல் போலப் படிந்து மூடிவிடும். அத்தான் வண்டியில் இவை எதுவும் இல்லை.

அடுத்து ஸ்கேனரில் இன்னொரு எண்ணைப் பார்த்தார்: எரிபொருள் திருத்தம். கணினி தன் வழக்கமான அளவுக்கு மேல் எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது என்ற கணக்கு. வண்டி நின்றபடி ஓடும்போது, அதாவது ஐடிலில், 22. ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் நாலுக்கு இறங்கியது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் நேர்மாறாக, வேகம் கூடக்கூடத்தான் பற்றாக்குறை அதிகமாகும். இது நின்றால் நோய், ஓடினால் ஆரோக்கியம். மட்டாஞ்சேரிக்கும் கோயம்புத்தூருக்கும் இருந்த வித்தியாசம் இங்கே எண்ணாகத் தெரிந்தது. எங்கோ ஒரு ஓட்டை வழியாக ஒரே அளவு காற்று கசிகிறது. ஐடிலில் எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் கசிவு பெரும் பங்கு. வேகத்தில் மொத்தம் பெருகும்போது கசிவு காணாமல் போகிறது.

இன்டேக் பக்கம் ஒவ்வொரு இணைப்பிலும் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்த்தார். ஓட்டை இருந்தால் ஸ்பிரேயை எஞ்சின் உறிஞ்சிச் சத்தம் மாறும். மாறவில்லை. ஓட்டை உள்ளே போகும் பக்கம் இல்லையென்றால் மிச்சம் வெளியே வரும் பக்கம்தான்.

மறுநாள் காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருந்தபோது வரச் சொன்னார். கிளப்பியதும் எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று பல்லி கத்துவது போல ஒரு சத்தம். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அத்தானுக்கு அது தெரியும், வால்வு சத்தம் என்று நினைத்திருந்தார். ஆசான் எஞ்சினை நிறுத்திவிட்டு, பஞ்சர் கடையிலிருந்து காற்றுக்குழாயை இழுத்து வந்தார். சைலன்சர் வாயில் துணியைச் சுற்றி அதன் வழியே மெதுவாகக் காற்றை விட்டார். ஒரு பையன் குவளையில் சோப்புத் தண்ணீரோடு, எஞ்சினின் புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டின் இணைப்புகளில் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தான். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதே தலைகீழாக. நாலாவது சிலிண்டர் ஓரத்தில் நுரை பொங்கியது. அங்கே மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடித்து வைக்கும் ஸ்டட் ஒன்று முறிந்திருந்தது. கேஸ்கட்டின் விளிம்பில் நகக்கண் அளவுக் கறுப்புத் தடம். சூடேறியதும் இரும்பு விரிந்து இடுக்கு ஓரளவு அடைபடுவதால்தான் சத்தம் அடங்கியிருக்கிறது.

அத்தான் கேட்ட கேள்வி நியாயமானது. “ஓட்டை வழியா புகை வெளியேதானே வரும்? காத்து எப்படி உள்ள போகும்?”

புகை ஆறு மாதிரி ஒரே ஓட்டமாக வருவதில்லை, அடி அடியாக வருகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடினால் நொடிக்கு ஏறக்குறைய 27 முறை வால்வு திறந்து புகை பீறிடும். ஒவ்வொரு பீறலும் வேகத்தோடு குழாயில் பாய்ந்து போகும்போது தனக்குப் பின்னால் ஒரு தாழ்வழுத்தத்தை விட்டுச்செல்கிறது. மட்டாஞ்சேரி ஜெட்டியில் நின்றால் தெரியும். படகு வந்து அணையும்போது தண்ணீர் படியில் ஏறி அடிக்கும். அடுத்த கணம் வழக்கமான மட்டத்துக்கும் கீழே இழுத்துக்கொண்டு போகும், படியில் கிடந்த பாளையையும் கூட்டிக்கொண்டு. குழாயிலும் அப்படி, அலை மேலேறும்போது ஓட்டை வழியே புகை வெளியே துப்புகிறது, அதுதான் டிக் சத்தம். அலை பின்வாங்கும்போது அதே ஓட்டை வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. வேகமாக ஓடும்போது பீறல்கள் நெருங்கிவிடும், குழாயின் சராசரி அழுத்தமும் உயர்ந்துவிடும், உறிஞ்ச இடைவெளி கிடைக்காது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஆதாரம் தெருவிலேயே ஓடுகிறது. நம் பைக்குகள் பலவற்றில், எரியாமல் வரும் பெட்ரோலைக் குழாயிலேயே எரிக்க வெளிக்காற்றைச் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. அதற்குப் பம்ப் கிடையாது. மெல்லிய நாக்கு போன்ற ஒருவழி வால்வு மட்டும். அந்தப் பின்வாங்கும் அலைதான் காற்றை இழுத்துக் கொடுக்கிறது. பைக்கில் வேண்டுமென்று வைத்த ஓட்டை, அத்தான் வண்டியில் தானாக விழுந்திருக்கிறது. வித்தியாசம், இங்கே அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சென்சார் உட்கார்ந்திருப்பது.

பந்தி நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. வேலிக்கு வெளியே இருந்து யாரோ இலைகள் மேல் பிடி பிடியாகச் சோற்றை எறிந்துகொண்டிருந்தார்கள். பின்வாசல்காரர் கண்டதைச் சொன்னார், சோறு மிச்சம் என்று. கணினி ஆளைக் கூட்டியது. எறிவது நிற்கவில்லை, இன்னும் ஆளைக் கூட்டியது. முடிவில் மண்டபத்துக்குள் பலர் பட்டினி. பிளக்கில் படிந்த கரி அவர்கள்தான். கணினி ஒரு எல்லை வரை கூட்டிப் பார்த்துவிட்டு, இனி முடியாது என்று விளக்கைப் போட்டது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அத்தான் வண்டி போன மாதம்தான் புகைப் பரிசோதனையில் தேறியிருந்தது. கசிந்து வந்த காற்று மிச்சக் கார்பன் மோனாக்சைடைக் கன்வெர்ட்டரில் எரித்துக் கணக்கைச் சரிசெய்துவிட்டதால் சைலன்சர் வாயில் வைத்த கருவிக்கு எல்லாம் சுத்தமாகத் தெரிந்திருக்கும். அளவுக்கு மீறி எரிவதால் கன்வெர்ட்டர் கூடுதலாகச் சூடாகிறது, ஆயுள் குறைகிறது. அது சான்றிதழில் வராது. ஓட்டையிலிருந்து எஞ்சின் பக்கம் துப்பும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், இருக்கைக்குக் கீழேயே எஞ்சின் உள்ள வண்டிகளில் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

ஸ்டட் ஏன் முறிந்தது? அத்தான் வண்டியை நிறுத்துவது இடக்கொச்சியில். நவம்பர் முதல் மார்ச் வரை ஓதம் ஏறும் நாட்களில் காயல் நீர் தெருவுக்கே வந்துவிடும். மலையாளத்தில் வேலியேற்றம் என்பார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த இரும்பு, அதன்மேல் தினமும் நூற்றுக்கணக்கான டிகிரி சூடு, பின் குளிர்ச்சி. விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கித் துருவேறிய இடத்தில் விட்டுப்போகும். சைலன்சர் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் முழுக்கத் தண்ணீராகிறது. நீண்ட பயணத்தில் அது ஆவியாகப் போய்விடும். பஜார் சாலைக்கும் தோப்பும்படிக்கும் இடையே பத்து நிமிட ஓட்டம் ஓடி நிற்கும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடாவதே இல்லை, தண்ணீர் அடியில் தேங்கிக் கிடக்கும். காலையில் சைலன்சரிலிருந்து சொட்டுவது அதுதான்.

முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுக்கவே அரை நாள் ஆனது. புது ஸ்டட், புது கேஸ்கட். பேஸ்ட் அப்பட்டுமா என்று கேட்ட பையனை ஆசான் ஒரு பார்வை பார்த்தார். பழைய குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டதும் டிக் சத்தம் இல்லை. ஐடில் திருத்தம் 22இலிருந்து இறங்கி இறங்கி, தோப்பும்படி போய்த் திரும்புவதற்குள் மூன்றில் நின்றது.

கிளம்பும் நேரத்தில் அத்தான் டேஷ்போர்டுக்குள் துழாவி ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். முதல் கடைக்காரர் கழற்றிக் கொடுத்த பழைய சென்சார். ஆசான் அதை வாங்கி வைஸில் இறுக்கினார், ஒயரில் மல்டிமீட்டரை மாட்டினார். கேஸ் டார்ச்சின் நீலச் சுடரைச் சென்சாரின் துளையிட்ட மூக்கு மூழ்கும்படி பிடித்தார். சுடருக்குள் ஆக்சிஜன் கிடையாது, சூடும் அதுவே கொடுத்துவிடும். முதலில் எண் அசையவில்லை. மூக்கு சிவக்கத் தொடங்கியதும் 0.2, 0.5, பிறகு 0.78. சுடரை நகர்த்தினார், சட்டென்று சுழியத்தருகே விழுந்தது. திரும்பச் சுடர், திரும்ப 0.8.

“நல்ல சாதனம். இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்” என்றார் ஆசான்.

அத்தான் மல்டிமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்சார் ஆறியதும் அதே துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு, “மூவாயிரத்து இருநூறு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.